61 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பு: பழைய 4/0 கடல் தூண்டில் ரீலை அளந்து, பிரித்து, திருத்திய பதிவு

டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை உராய்வோடு விட்டுக்கொடுக்கும் தடை, ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. 5.1 கிலோவில் நரம்பு (தூண்டில் இழை) கிளம்புகிறது, 4.9 கிலோவில் ஓடிக்கொண்டே இருக்கிறது, தராசின் முள் நடுங்குவதில்லை. பிரிப்பதற்கு முன் இதே ரீல் 4.8 கிலோவில் கிளம்பி 3.4-க்கு விழுந்து, 4.5-க்கு எகிறி, மறுபடி விழுந்தது. கையால் இழுத்துப் பார்த்தபோது "கொஞ்சம் கடினமாக இருக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பழைய ரீலை வாங்குகிறவர்களும் கடையில் இப்படித்தான் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அதனால் எதை எப்படி அளந்தால் குறை தெரியும், எங்கே தவறான வழியில் போனோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ரீல் பழைய பாணி 4/0 அளவு. ஸ்பூல் குறுக்காகச் சுழலும், கைப்பிடி வலப்பக்கம், டிராக்கை இறுக்க நட்சத்திர வடிவ ஸ்டார், நரம்பைப் பரப்பிச் சுற்றும் லெவல்வைண்ட் கிடையாது. பக்கத் தகடுகள் கிராபைட் கலந்த நைலான், ஸ்பூல் அலுமினியம், பிரதான கியர் பித்தளை, ஸ்பூலைச் சுழற்றும் சிறு கியரான பினியன் துருப்பிடிக்காத எஃகு. வெறும் எடை 840 கிராம். செகண்ட் ஹேண்டில் ரூ.4,200. வெளிப்பார்வைக்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை உப்புப் பூத்திருந்தது.

ஸ்டார் டிராக் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1913-இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே வில்லியம் போஷன் ராடு-ரீலில் வாள்மீனைப் பிடித்தபோதே அவர் ரீலில் இந்த வகை டிராக் இருந்தது. நூறு வருடம் கழிந்தும் உள்ளே இருக்கும் ஏற்பாடு ஏறக்குறைய அதேதான். ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால் இந்த வகையில் எதையும் பயமில்லாமல் பிரிக்கலாம்.

முதலில் அளவுகள்

பிரிக்கும் முன் அளக்க வேண்டும். பிரித்த பிறகு பழைய நிலை திரும்பக் கிடைக்காது.

பிரதான கியரில் 39 பல், பினியனில் 12. விகிதம் 3.25. பல்லை எண்ணாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம்: ஸ்பூல் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கைப்பிடியைப் பத்துச் சுற்று சுற்றினால் ஸ்பூல் முப்பத்திரண்டரை சுற்று சுற்றியிருக்கும். ஸ்பூலின் உள் தண்டு விட்டம் 22 மி.மீ., நரம்பு நிறைந்த நிலையில் விட்டம் 60 மி.மீ., அகலம் 46 மி.மீ. இந்த மூன்று எண்களும் பின்னால் ஒவ்வொரு இடத்திலும் தேவைப்பட்டன.

நரம்பின் கொள்ளளவில்தான் முதல் சறுக்கல். சுருளின் மேல் 0.55 மி.மீ. என்று அச்சிட்டிருந்தது. அந்தக் கணக்கில் 372 மீட்டர் ஏற வேண்டும். 338 மீட்டரிலேயே நிறைந்துவிட்டது. தளர்வாகச் சுற்றிவிட்டோம் என்று நினைத்து முழுவதையும் அவிழ்த்து, 3 கிலோ இழுவை கொடுத்து மறுபடி சுற்றியதில் ஒரு மாலை போனது. ஏறியது அதே 338. பிறகு மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தால் நரம்பு 0.57 மி.மீ. அந்தத் தடிமனுக்குக் கணக்கு 346 மீட்டர், எனவே 338 சரியான எண்தான். நரம்பு வாங்கினால் அட்டையை நம்பாமல் ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். 0.02 மி.மீ. வித்தியாசம் 26 மீட்டரை விழுங்கிவிடும்.

3 கிலோ இழுவையில் சுற்றியது இன்னொரு தப்பு. மோனோ (ஒற்றை இழை) நரம்பு இழுபட்டு நீண்ட நிலையில் ஸ்பூலில் ஏறி, பிறகு சுருங்கப் பார்க்கும். அந்த நெருக்கம் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஸ்பூலின் பக்கச் சுவர்களை வெளியே தள்ளும். வெர்னியரில் 46.0 இருந்த அகலம் 46.3 ஆகி, இடப்பக்கம் ஸ்பூல் சட்டத்தின் வளையத்தில் உரசும் சத்தம் கேட்டது. அலுமினியம் என்பதால் நரம்பை அவிழ்த்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் ஸ்பூலாக இருந்தால் வெடித்திருக்கும். பழைய பிளாஸ்டிக் ஸ்பூல்கள் பெரும்பாலும் இப்படித்தான் உடைகின்றன. இப்போது ஈரத் துணியால் பிடித்து, ஒரு கிலோவுக்கு மிகாத இழுவையில் சுற்றியிருக்கிறது.

டிராக்கை அளப்பது

தூண்டில் கம்பின் அடிப்பகுதியை மட்டும் வைஸில் (பட்டறைப் பிடியில்) பிடித்து, அதில் ரீலை மாட்டி, கம்பின் வளையங்கள் எதிலும் நுழைக்காமல் நரம்பை நேராக இழுக்க வேண்டும். வளையங்கள் வழியாக இழுத்தால் அவற்றின் உராய்வும் சேர்ந்து ரீலின் எண் தெரியாமல் போகும். கைப்பிடி பின்னால் சுழலாதபடி டாக் என்ற தடுப்பு நாக்கு பிடித்திருக்கும். தராசின் கொக்கியை நரம்பில் மாட்டி, ஒரு நொடிக்கு ஒரு சாண் வேகத்தில் இழுக்க வேண்டும். ஐந்து முறை இழுத்து முதல் அளவை விட்டுவிட வேண்டும்.

டிஜிட்டல் தொங்கு தராசில் முதல் நாள் கிடைத்தது 4.8 என்ற ஒரே எண். ரீல் நன்றாக இருக்கிறது என்று எழுதியும் வைத்தாயிற்று. ஆனால் கையில் மட்டும் ஏதோ தட்டித் தட்டி வந்தது. அந்தத் தராசு உச்ச அளவைப் பிடித்து எண்ணைப் பூட்டிவிடுகிறது, நடுவில் நடப்பதைக் காட்டுவதில்லை. பழைய இரும்புக்கடை முள் தராசை மாட்டியதும் முள் 3.4-க்கும் 4.5-க்கும் இடையே ஊசலாடியது. டிராக் சோதனைக்கு முள் தராசுதான் வேண்டும். டிஜிட்டல் தராசை, முள் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று 2 கிலோ படிக்கல் வைத்துச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

துடிப்பு தெரிந்ததும் பேரிங்கின் மேல் சந்தேகம் வந்தது. ஸ்பூலின் இரண்டு பேரிங்குகளையும் ரூ.360 கொடுத்து மாற்றினோம். துடிப்பில் கடுகளவும் மாற்றமில்லை. காசு செலவழிக்கும் முன் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும்.

நரம்பை மெதுவாக இழுத்து, முள் உச்சத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் நரம்பில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளவுகோலில் பாருங்கள். நிறைந்த ஸ்பூல் ஒரு சுற்றுச் சுற்றினால் 18.8 செ.மீ. நரம்பு போகும். டிராக் வழுக்கும்போது கைப்பிடியும் அது மாட்டியிருக்கும் உட்குழலான கியர் ஸ்லீவும் அசையாமல் நிற்கும். பிரதான கியர் மட்டும் ஸ்லீவைச் சுற்றி நழுவும். ஸ்பூல் 3.25 சுற்றுச் சுற்றினால்தான் அந்தக் கியர் ஒரு சுற்றுச் சுற்றும், அதாவது 61 செ.மீ. நரம்புக்கு ஒரு சுற்று. எனவே 18-19 செ.மீ.க்கு ஒரு துடிப்பு வந்தால் குறை ஸ்பூல், தண்டு, பேரிங், பினியன் பக்கம். 61 செ.மீ.க்கு ஒன்று வந்தால் கியருக்குள் இருக்கும் டிராக் அடுக்கில். நம் புள்ளிகள் 60, 62, 61, 61. பேரிங் குற்றமற்றது. உங்கள் ரீலின் விகிதம் வேறாக இருந்தால் நிறைந்த ஸ்பூலின் சுற்றளவை விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுக்கைப் பிரித்தல்

கைப்பிடி நட்டைப் பூட்டும் சிறு திருகு, நட்டு, கைப்பிடி, ஸ்டார், இடைக்குழல் என்ற வரிசையில் வெளியே வரும். கழற்றிய வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் இல்லை. பக்கத் தகட்டைத் திறக்கும்போது பினியன் நுகத்தை (பினியனை நகர்த்தும் கவையை) தள்ளும் இரண்டு சிறு ஸ்பிரிங்குகள் தெறிக்கும். ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் திறக்கவும்.

பித்தளைக் கியரின் கிண்ணத்துக்குள் அடியிலிருந்து இப்படி இருந்தது: நார் வாஷர், ஸ்லீவோடு பூட்டும் உலோக வாஷர், நார் வாஷர், கியரின் காடியில் காது மாட்டும் உலோக வாஷர், நார் வாஷர், மேலே ஸ்லீவோடு பூட்டும் இன்னொரு உலோக வாஷர். நார் மூன்று, உலோகம் மூன்று. இது போகக் கியருக்கு அடியில் ஸ்லீவின் விளிம்பில் ஒரு நார் வாஷர். இது பலர் கண்ணில் படாமல் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும்.

நார் வாஷர்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. யாரோ முன்னால் சாதாரண எந்திர எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது வெந்து இறுகிவிட்டது. ஆனால் துடிப்புக்குக் காரணம் அதுவல்ல. உலோக வாஷர்களை ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து பிலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) அடியில் நுழைத்தால், காதுள்ள வாஷரில் ஒரு காதின் அருகே 0.15 மி.மீ., கீழ் வாஷரில் ஒரு பக்கம் 0.10 மி.மீ. தூக்கல். ஒன்று கியரோடு சுழலும், மற்றது ஸ்லீவோடு நிற்கும். மேடும் மேடும் சந்திக்கும்போது அழுத்தம் ஏறும், விலகும்போது இறங்கும். சுற்றுக்கு ஒரு சந்திப்பு, 61 செ.மீ.க்கு ஒரு துடிப்பு. ஒரே ஒரு வாஷர் மட்டும் வளைந்து மற்றதெல்லாம் தட்டையாக இருந்தால் இந்தத் துடிப்பு இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. ஸ்டாரை இடுக்கி போட்டு அளவுக்கு மீறி இறுக்கியதன் அடையாளம் ஸ்டாரின் விரல்களிலேயே இருந்தது.

வளைந்ததைத் தட்டி நிமிர்த்தும் முயற்சி வேண்டாம். 1 மி.மீ. 304 எஃகில் மூன்று வாஷரும் லேசரில் வெட்டி வாங்க ரூ.450 ஆனது. வெட்டிய ஓரத்தில் பிசிறு இருக்கும். கண்ணாடியின் மேல் 600, பிறகு 1000 உப்புத்தாள் ஒட்டி, தண்ணீர் விட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்து எடுக்க வாஷருக்குப் பதினைந்து நிமிடம். காதுகளின் ஓரத்தைச் சிறு அரத்தால் உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பித்தளைக் காடியைக் கடித்து அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

கார்பன் என்ற பெயரில் இரண்டு பொருள்

இந்தப் பிழையைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரூ.300-க்கு ட்ரோன் சட்டத்துக்கு விற்கும் 1 மி.மீ. கார்பன் தகடு கிடைத்தது. "கார்பன் கார்பன்தானே" என்று அதில் வாஷர் வெட்டினோம். வைஸ் சோதனையில் அருமையாக நடந்தது: கிளம்ப 5.2, ஓட 4.9. அதை நம்பி அடுத்த சோதனைக்குப் போனோம்.

அடுத்த சோதனை ஸ்கூட்டர். காலி மைதானத்தில் ஒருவர் கம்பைப் பிடித்து நிற்க, நரம்பின் முனையை ஸ்கூட்டரின் பின்கம்பியில் மெல்லிய நூல் வளையத்தால் கட்டி, 15 கி.மீ. வேகத்தில் 100 மீட்டர் ஓட்ட வேண்டும். ஏதாவது சிக்கினால் அந்த நூல்தான் முதலில் அறுபட வேண்டும். பிடிப்பவர் கையுறை, கண்ணாடி இல்லாமல் நிற்கக் கூடாது. வைஸில் மெதுவாக இழுப்பது காட்டாத சூட்டை இது காட்டும். 5 கிலோ டிராக்கில் 100 மீட்டர் என்பது ஐயாயிரம் ஜூலுக்கு மேற்பட்ட சூடு, அதுவும் 24 நொடியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைக் கிண்ணத்துக்குள்.

ட்ரோன் தகடு 40 மீட்டரில் கிறீச்சிட்டது. இழுவை 5 கிலோவிலிருந்து 3.1-க்கு விழுந்தது, கருகல் வாடை வந்தது. திறந்து பார்த்தால் மேற்பரப்பில் பிசின் இளகி மெழுகுபோல் பரவியிருந்தது. அந்தத் தகடு எபாக்ஸி பிசினில் இறுக்கிய கார்பன் துணி. சட்டத்துக்கு வேண்டிய விறைப்பு அதில் இருக்கிறது, உராய்வுச் சூட்டைத் தாங்கும் குணம் இல்லை. டிராக்குக்கு என்று செய்யும் கார்பன் வாஷர் நெசவு தெரியும், தொட்டால் சொரசொரக்கும், கத்தியால் கீறினால் தூளாக உதிரும். ட்ரோன் தகடு வழவழப்பாகக் கண்ணாடிபோல் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கடையிலேயே விரலால் கண்டுபிடித்துவிடலாம்.

சரியான கார்பன் வாஷர் நான்கு கொண்ட தொகுப்பு ரூ.1,150. முதலில் மூன்றை மட்டும், கிரீஸ் இல்லாமல் பூட்டினோம். ஸ்டாரை முழுதும் இறுக்கினால் 7.8 கிலோ. உப்புநீரில் நனைத்து ஒரு இரவு விட்டதும், 5 கிலோவுக்கு வைத்த டிராக் மறுநாள் முதல் இழுப்பில் 6.0-இல்தான் கிளம்பியது. முதல் ஓட்டத்திலேயே மெல்லிய நரம்பை அறுப்பது இந்த ஒட்டல்தான். பிரித்துத் துடைத்து, டிராக்குக்கென விற்கும் டெஃப்லான் கலந்த கிரீஸை வாஷரின் நெசவுக்குள் விரலால் தேய்த்து, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிட்டுப் பூட்டியதும் உச்சம் 7.2-க்கு இறங்கியது. ஒட்டல் போய்விட்டது. அந்த 0.6 கிலோவை இழப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

நான்காவது வாஷர் கியருக்கு அடியில். பழைய நார் வாஷரும் 1.0 மி.மீ., கார்பனும் 1.0 மி.மீ., எனவே கியரின் உயரம் மாறவில்லை. அந்த இடத்தில் தடிமன் மாறினால் கியரின் பல் பினியனின் பல்லோடு முழு அகலத்துக்கும் பொருந்தாது. ஸ்டாரை இறுக்கும் அழுத்தம் முழுவதும் இந்த வாஷர் வழியாகவும் போவதால் இது நான்காவது உராய்வுப் பரப்பு ஆகிறது. உச்சம் 8.9 கிலோ ஆனது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. தேய்ந்த நார் வாஷர்கள் தலா 0.8 மி.மீ., புதியவை 1.0. மூன்றுக்கும் சேர்த்து அடுக்கு 0.6 மி.மீ. உயர்ந்துவிட்டது. ஸ்டாரை முழுதும் தளர்த்தினாலும் 0.8 கிலோ டிராக் விடாமல் நின்றது. ஸ்டார் வெளியே வர இடமில்லாமல் கைப்பிடியில் முட்டுகிறது. இடைக்குழலை 9.2 மி.மீ.யிலிருந்து 8.6-க்கு ஈர உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்ததும் சரியானது. தேய்க்கும்போது குழலின் முகம் கோணாமல் இருக்கிறதா என்று நான்கு பக்கமும் வெர்னியர் பிடியுங்கள். அது கோணினால் அடுக்கின் மேல் அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்து, கழற்றி எறிந்த துடிப்பு திரும்ப வந்துவிடும்.

திரும்ப ஸ்கூட்டர். 100 மீட்டர் முடிவில் இழுவை 5.0-இலிருந்து 5.9. ஸ்டாரின் நடுவில் 58 டிகிரி, உடனே திறந்து கியரைப் பார்த்தால் 77 டிகிரி. கிறீச்சு இல்லை, வாடை இல்லை.

இழுவை ஏன் ஏறியது என்று கேட்பார்கள். டிராக் மாறவில்லை, ஸ்பூலில் நரம்பு குறைந்தது. 100 மீட்டர் போனபின் நரம்பின் விட்டம் 60-இலிருந்து 52 மி.மீ. ஆகிறது, அதே திருகுவிசைக்கு இழுவை அந்த விகிதத்தில் ஏறும். பாதி நரம்பு போனால் விட்டம் 45, இழுவை 6.6. கால்பங்கு மட்டும் மிஞ்சினால் 8.4. கடைசி 45 மீட்டரில் 10 கிலோ. 13.6 கிலோ தாங்கும் நரம்பில் முடிச்சு இழக்கும் பலத்தைக் கழித்தால் 11 கிலோதான் கையிருப்பு, தண்ணீரில் வளைந்து கிடக்கும் நரம்பின் இழுவை வேறு சேரும். பெரிய மீன் நீளமாக ஓடும்போது ஸ்டாரை இறுக்குகிறவர்கள் நரம்பை அறுப்பது இதனால்தான். ஓட்டம் நீண்டால் ஸ்டாரைத் தளர்த்த வேண்டும். இந்த ரீலில் நிறைந்த ஸ்பூலுக்கு 4.5 கிலோ வைத்தால் போதும், 8.9 வரை போகும் என்பது பெட்டியில் அச்சிடத்தான் உதவும்.

சட்டமும் கியரும்

டிராக் நன்றாக இருந்து சட்டம் வளைந்தால் என்ன பயன்? பாதத்தைக் கம்பில் இறுக்கி, டயல் கேஜின் முள்ளை மேல் குறுக்குத் தூணில் வைத்து 8 கிலோ இழுத்தால் 0.9 மி.மீ. சாய்ந்தது. தூண்களைப் பிடிக்கும் திருகுகள் பாதி தளர்ந்திருந்தன. எல்லாவற்றையும் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, நடுத்தர வலிமை மரைப்பசை தொட்டு, எதிரெதிர் திருகாக இறுக்கியதும் 0.5 மி.மீ. இதற்குக் கீழே நைலான் தகட்டில் போகாது. ஒரே கட்டியில் கடைந்த அலுமினியச் சட்டம் இருந்தால் இந்த எண் மிகக் குறையும். விலையும் அங்கேதான் ஏறுகிறது.

சுற்றும் திறனை அளக்க 3 கிலோ எடையை நரம்பில் தொங்கவிட்டு, தராசைக் கைப்பிடிக் குமிழில் மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். கைப்பிடி நீளம் 75 மி.மீ., ஸ்பூல் ஆரம் 30, விகிதம் 3.25: உராய்வே இல்லாவிட்டால் 3.9 கிலோ போதும். பழைய கிரீஸோடு 4.6. மண்ணெண்ணெயில் கழுவி, கியருக்கு மட்டும் கடல் கிரீஸ் மெல்லிசாகப் பூசியபின் 4.3. பிறகு கைப்பிடியை 95 மி.மீ.க்கு மாற்றினோம், ரூ.700. அதே 3 கிலோவுக்கு 3.4 போதும். மொத்த வேலையிலும் கை உடனே உணர்ந்த மாற்றம் இதுதான். ஒரு சுற்றுக்கு 61 செ.மீ. மட்டுமே வரும் மெதுவான ரீல் இது, வேகமாக வஞ்சிரத்துக்கு ஜிக் (உலோகப் போலி இரை) ஆட்ட ஆகாது. ஆழத்தில் கலவாவைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்க இந்த மெதுவே பலம்.

வீசி எறிவதற்கு இதை வாங்க வேண்டாம். பேரிங்கில் கிரீஸ் இருந்தபோது ஸ்பூல் 11 நொடி தானாகச் சுழன்றது. கிரீஸைக் கழுவி இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் 26 நொடி. ஆனால் இந்தக் கனமான ஸ்பூல் கிளம்பவும் நேரம் எடுக்கும், நிற்கவும் மறுக்கும்; பெருவிரல் ஒரு கணம் தவறினால் நரம்பு கூடு கட்டிவிடும். இடப்பக்க மூடியில் பக்கவாட்டு ஆட்டம் 0.2 மி.மீ. வைத்திருக்கிறது.

உப்பும் கடலும்

லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு கரைத்த வாளியில் அரை மணி நேரம் முக்கி, நடுவில் டிராக்கை இழுத்து, கழுவாமல் மூன்று நாள் விட்டோம். டிராக் அடுக்கு சுத்தம். கியர் சுத்தம். நுகத்தின் இரண்டு ஸ்பிரிங்கிலும் டாக்கின் ஸ்பிரிங்கிலும் துரு. பாதத்துக்கும் சட்ட வளையத்துக்கும் இடையில் உப்பு பூத்தது. அலுமினியத்தில் எஃகுத் திருகு போகும் இடம்தான் முதலில் அரிக்கும், திருகு அங்கேயே இறுகிவிடும். மரைப்பசை போடாத ஒவ்வொரு திருகிலும் கிரீஸ் தொட்டுப் பூட்ட வேண்டும். கழுவும்போது குழாயைச் சீறவிடாமல், ஸ்டாரை இறுக்கி வைத்து, மழைத்தூறல்போல் ஊற்ற வேண்டும். உலர்ந்ததும் ஸ்டாரை முழுதும் தளர்த்தி வைக்க வேண்டும்.

பைபர் படகில் 30 மீட்டர் ஆழத்தில், 250 கிராம் ஈயத்தோடு இரண்டு நாள் ஓடியது. டிராக்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது போதும். நரம்பை இடது பெருவிரலால் பரப்பாவிட்டால் நடுவில் மேடு கட்டி மேல் தூணில் உரசுகிறது. அதனால் நரம்பை ஸ்பூல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழேயே நிறுத்த வேண்டும். மாற்றப்படாமல் நிற்கும் குறை ஒன்று இருக்கிறது: டாக் விழுந்து பிடிக்கும் பல்சக்கரமான ராட்செட்டில் ஆறே பல், ஒரே டாக். கைப்பிடி அறுபது டிகிரி வரை பின்னால் விழுந்துதான் பிடிக்கிறது. ஸ்பூலில் அது 10 செ.மீ. நரம்பு. ஒவ்வொரு முறை கைவிட்டுப் பிடிக்கும்போதும் 'டக்' என்று அடி, அந்த அடி முழுவதும் ஒரு சிறு பல்லின் முனையில். டாக்கின் ஸ்பிரிங் அறுந்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்முட்டியைப் பெயர்த்துவிடும். புது டாக்கும் ஸ்பிரிங்கும் ரூ.280-க்கு மாற்றியாயிற்று. பழைய ஸ்பிரிங்கை நிமிர்த்திப் போடுவது வேண்டவே வேண்டாம்.

செலவு: கார்பன் வாஷர் 1,150, டிராக் கிரீஸ் 950, எஃகு வாஷர் 450, டாக்-ஸ்பிரிங் 280, கைப்பிடி 700, தேவையில்லாத பேரிங் 360. மொத்தம் ரூ.3,890. வீணான ட்ரோன் தகடு 300 இதில் சேராது. ரீலின் விலையோடு எட்டாயிரத்துக்குச் சற்று மேல். கிரீஸ் குழாயில் இன்னும் ஐந்தாறு ரீலுக்கு மிச்சம் இருக்கிறது.

அடுத்த முறை முள் தராசையும் மார்க்கரையும் முதல் நாளே எடுப்பேன், பேரிங்கைத் தொட மாட்டேன். கார்பன் வாஷரை வாங்கும்போதே பழைய அடுக்கின் தடிமனை எழுதி எடுத்துப்போய், இடைக்குழலையும் சேர்த்து லேத்தில் கொடுத்துவிடுவேன். இரண்டாவது டாக் பொருத்தும் வேலை பாக்கி: பாலத் தகட்டில் (கியரைத் தாங்கும் உள் தகட்டில்), முதல் டாக்குக்கு அரைப்பல் தள்ளி, 2.5 மி.மீ. துளை போட்டு ஊசி நிறுத்த வேண்டும். அப்போது பின்னாட்டம் முப்பது டிகிரிக்குக் குறையும், நரம்பில் 5 செ.மீ. தகட்டின் தடிமன் 2 மி.மீ.தான் இருக்கிறது, ஊசியை அழுத்திப் பொருத்தினால் மட்டும் நிற்குமா, பின்பக்கம் வெள்ளி வைத்துப் பற்றவும் வேண்டுமா என்று ஒரு கழிவுத் தகட்டில் துளைத்து, 20 கிலோ பக்கவிசை கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும்.